பதினைந்து கிஃப்ட் கார்டுகள்

அத்தானைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி, "அவரைக் கிண்டல் பண்ணாம உங்களால நாலு வரி எழுத முடியாது" என்றாள். முடியாதுதான். என் அக்காவை அவர் கட்டிய நாளிலிருந்து, இருபத்திரண்டு வருடமாக, அந்த மனிதரைக் கிண்டல் செய்வதை ஒரு வேலையாகவே வைத்திருக்கிறேன். 'பாயின்ட்' என்று பட்டப்பெயர் வைத்ததும் நான்தான். இப்போது அவர் வேலை பார்க்கும் கட்டடங்களின் காவலாளிகள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். பதினாறு கட்டடங்களில் முப்பத்தோரு லிஃப்ட் அவர் பொறுப்பு. எந்த லிஃப்டுக்கு எந்தத் தேதியில் கம்பிக்கயிறு மாற்றினார், எதில் மூன்றாம் மாடிக் கதவு முரண்டு பிடிக்கிறது என்று சட்டைப்பையில் ஒரு நோட்டு வைத்து எழுதி வருவார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அந்த ஒழுங்கோடு அவர் பாட்டுக்கு இருந்திருக்கலாம். யாரோ ஒரு வங்கிக்காரப் பெண் கிரெடிட் கார்டு ஒன்றை அவர் தலையில் கட்டினாள். வருட முடிவில் சேர்ந்த பாயின்ட்டுக்கு ஓர் இஸ்திரிப்பெட்டி இலவசமாக வந்தது. அவ்வளவுதான், மனிதர் கவிழ்ந்துவிட்டார்.

ஹோட்டலில் பத்துப் பேர் சாப்பிட உட்கார்ந்தால், பில் வருவதற்கு முன்பே அவருடைய கார்டு மேஜைமேல் இருக்கும். "நான் போட்டுடறேன். நீங்க எனக்குக் காசாக் குடுத்துடுங்க." புதிதாக வந்தவர்கள் முதல் வாக்கியத்தைக் கேட்டு உருகிப்போவார்கள். இரண்டாவது வாக்கியத்தில் தெளிந்துவிடுவார்கள். நான் ஜெராக்ஸ் கடை வைத்தபோது முதல் மெஷினை அவர் கார்டில்தான் வாங்கினோம். கடைக்காரர் வண்டியில் ஏற்றுவதற்குள், நடைபாதையில் நின்று என்னிடம் நோட்டுகளை வாங்கி, எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

இஸ்திரிப்பெட்டியோடு நின்றாரா? ஒரு கார்டு மூன்றானது. மூன்று ஐந்தானது. ஒன்றில் மளிகைக்கு அதிக பாயின்ட், இன்னொன்றில் பெட்ரோலுக்கு. அப்புறம் கிஃப்ட் கார்டு என்ற சங்கதியைக் கண்டுபிடித்தார். முன்கூட்டியே பணம் கட்டி, அந்தத் தொகைக்குச் சாமான் வாங்கிக்கொள்ளட்டும் என்று யாருக்காவது பரிசு கொடுக்க வாங்கும் கார்டுதான். இவர் யாருக்கும் கொடுக்க மாட்டார். பாயின்ட் அதிகம் கிடைக்கும் கடையில் கிரெடிட் கார்டைத் தேய்த்துக் கிஃப்ட் கார்டு வாங்குவார். அதைக் கொண்டுபோய் வேறு செலவுக்குப் போடுவார். ஒவ்வொரு கிஃப்ட் கார்டுக்கும் கட்டணம் உண்டு. கிரெடிட் கார்டுகளுக்கு வருடக் கட்டணம் வேறு. எல்லாம் ஒரு தாளில் ஏறும். தேதி, கார்டு, கடை, தொகை, பாயின்ட், மிச்சம், கட்டணம், இன்னும் ஏதேதோ என்று கட்டம் கட்டமாக. மாதம் முதல் ஞாயிறு என் கடைக்கு வந்து அதை அச்செடுத்துக்கொண்டு போவார். அதற்குக் காசு தர மாட்டார். நானும் அடித்துக் கொடுப்பேனே தவிர, ஒரு நாளும் படித்துப் பார்த்ததில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். கட்டணத்தை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. அதைச் சிவப்பு எழுத்தில் போடுவார். "கட்டணத்தைக் கழிக்காம லாபம்னு சொல்றவன் தன்னையே ஏமாத்திக்கிறான் மச்சான்" என்பார். போன வருடம் எல்லாம் கழித்து அவருக்கு நின்றது ஒரு மிக்ஸியும் நாலு சினிமா டிக்கெட்டும். அதை அவர் சொன்ன பெருமையைப் பார்க்க வேண்டுமே.

அக்கா இதில் எதிலும் தலையிட மாட்டாள். அவளுக்கு அவளுடைய வேலை. வீட்டின் முன்னறையில் ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு ஜன்னல் திரை தைக்கிறாள். லாட்ஜ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று ஆர்டர் வரும். வெளிச்சத்தை அடைக்கும் தடித்த துணிக்கு இப்போது கிராக்கி. அந்தத் துணி வந்தால் அவள் மெஷின் முனகும், ஊசி உடையும். அதனால் ஏழு வருடமாக, மோட்டாரில் ஓடும் ஒரு பவர் மெஷினுக்காகச் சேர்த்து வந்தாள். எழுபத்தையாயிரம் சேர்ந்திருந்தது. இருவர் பெயரிலும் உள்ள வங்கிக் கணக்கில்தான் அது இருந்தது.

ஊரிலேயே பெரிய வீட்டுச் சாமான் கடை ஒன்று. கட்டில், அலமாரி, அடுப்பு, திரைத்துணி, தையல் மெஷின், எல்லாம் நாலு மாடியில். அங்கே போய் மெஷினுக்குச் சொல்லிவிட்டு வந்தாள். "சரக்கு வர ஆறு வாரம் ஆகும், வந்தப்புறம் பணம் கட்டினாப் போதும்" என்றார்கள்.

அதே சமயத்தில் அத்தான் ஒரு புதுக் கார்டு வாங்கியிருந்தார். தொண்ணூறு நாளில் எண்பதாயிரம் செலவழித்தால் ஒரு மொத்தப் பாயின்ட் தருவதாக ஆசை காட்டிய கார்டு. எண்பத்தொன்றாவது நாள் வரைக்கும் தலைகீழாக நின்றும் அவரால் பன்னிரண்டாயிரத்தைத்தான் தொட முடிந்தது. லிஃப்ட் மெக்கானிக் சம்பளத்தில் வேறெப்படி? மீதி ஒன்பது நாள். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. அக்கா மெஷின் வாங்கப் போவதும் அந்தக் கடைதான். அந்தக் கடைக்குக் கிஃப்ட் கார்டும் உண்டு. எழுபத்தையாயிரத்துக்கு இப்போதே கிஃப்ட் கார்டாக வாங்கி வைத்துவிட்டு, மெஷின் வந்ததும் அதைக் கொடுத்துவிட்டால் என்ன?

வாங்கிவிட்டார். ஐயாயிரம் வீதம் பதினைந்து கார்டு. கார்டுக்கு நூறு கட்டணம். ஆயிரத்து ஐந்நூறையும் தன் சம்பளத்திலிருந்து போட்டார். கிரெடிட் கார்டு பில்லில் மீதி எழுபத்தையாயிரத்தை அந்த வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டினார். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாலாவது வாரம், ஒரு வியாழக்கிழமை மதியம், வேலை உடுப்போடு என் கடை வாசலில் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"மச்சான், அந்தக் கடையை மூடுறாங்க."

"எந்தக் கடையை?"

"நாலு மாடிக் கடை. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணியோட சரி. அதுக்கப்புறம் கிஃப்ட் கார்டு செல்லாதாம். வர வேண்டிய சரக்கும் வராதாம்."

நடந்ததையெல்லாம் அங்கேயே நின்று சொன்னார். எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது, மறைப்பானேன். பதினைந்து என்றதும் சிரிப்பு நின்றது. அந்தப் பணம் எதுவென்று கேட்டதும் ஓடிக்கொண்டிருந்த ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினேன்.

"அக்காகிட்டச் சொல்லியாச்சா?"

"நீயும் கூட வாயேன்."

போனோம். அக்கா ஒரு நீளத் திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் நின்றபடியே சொன்னார். "பணம் எங்கயும் போகல. கார்டா மாறியிருக்கு, அவ்வளவுதான்" என்று ஆரம்பித்தவர் கடை மூடும் விஷயத்தில் வந்து முடித்தார். அக்கா மெஷினை நிறுத்தவில்லை. ஓரத்தைக் கடைசிவரை அடித்து, நூலை வெட்டினாள்.

"எத்தனை கார்டு?"

"பதினஞ்சு."

"நாளைக்குக் காலைல எடுத்துக்கிட்டு வாங்க. போலாம்."

அடுத்த திரையை எடுத்து மெஷினில் வைத்தாள். கத்தியிருந்தால் தேவலாம் என்று எனக்கே இருந்தது.

மறுநாள் கடை திறக்கும்போது வாசலில் இருநூறு பேர். எல்லார் கையிலும் அந்தக் கார்டு. உள்ளே பாதித் தட்டு காலி. கட்டில்கள் போய்விட்டிருந்தன. அடுப்புகள் இருந்த இடத்தில் விலைச்சீட்டு மட்டும். தையல் மெஷின் பகுதியில் ஒரு மூடி கிடந்தது, மெஷின் இல்லை. அத்தானுக்குக் கை கால் ஓடவில்லை. ஒரு தள்ளுவண்டியை இழுத்து, எட்டு மேஜை விசிறியையும் ஆறு வெந்நீர்க் கெண்டியையும் போட்டுவிட்டார்.

"இதெல்லாம் எதுக்கு?" என்றேன்.

"வித்துடலாம் மச்சான். முப்பது சதவீதம் நஷ்டத்துல வித்தாக்கூட..."

"யாருக்கு? லிஃப்டுல போறவங்களுக்கா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், வாயை மூடிக்கொண்டேன். திரும்பினால் அக்காவைக் காணவில்லை.

மூன்றாம் மாடியில், திரைத்துணிப் பகுதிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. வாங்குபவர்களுக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கும் இடம். அக்கா அங்கே இருந்தாள். எதிரில் அந்தக் கடையின் தையல்காரர். இருவருக்கும் நடுவில் ஒரு பவர் மெஷின். பழசு, ஆனால் எண்ணெய் போட்டு வைத்திருந்த மெஷின். அக்கா தடித்த துணியை நாலாக மடித்து அதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது.

"பதினோரு வருஷம் என்கிட்ட இருந்தது. ஒரு நாள் படுத்ததில்லம்மா" என்றார் தையல்காரர். "வீட்டுல வைக்க எனக்கு இடமில்ல. இருந்தா நானே எடுத்திருப்பேன்."

மேலாளரைத் தேடிப் பிடித்தோம். மூன்று நாளாகத் தூங்காத கண்கள். அவருக்கும் சனிக்கிழமையோடு வேலை போகிறது. கடையின் சொந்த மேஜை, அலமாரிகளையும் மஞ்சள் சீட்டு ஒட்டி விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். மெஷினைப் பார்த்து, யாருக்கோ போன் செய்து, அறுபத்திரண்டாயிரம் என்று ஒரு மஞ்சள் சீட்டை எழுதி ஒட்டினார். அத்தான் கார்டுகளை எடுத்ததும் தலையை ஆட்டினார்.

"கடையோட சொந்தச் சாமானுக்குக் காசு மட்டும்தாங்க. கிஃப்ட் கார்டு சரக்குக்குத்தான்."

அங்கேதான் எங்கள் பாயின்ட் நிமிர்ந்தார். கார்டைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தில் விரலை வைத்தார். "மூணாவது வரி பாருங்க சார். 'இந்தக் கடையில் விலைச்சீட்டு ஒட்டி விற்கப்படும் எந்தப் பொருளுக்கும்.' சரக்குன்னு போடல. பொருள்னு போட்டிருக்கு. சீட்டு நீங்கதான் ஒட்டினீங்க, இப்ப."

மேலாளர் கார்டைக் கண்ணருகே வைத்து இரண்டு தடவை படித்தார். "பதினெட்டு வருஷமா இதை வித்துக்கிட்டிருக்கேன். பின்பக்கத்தை இன்னைக்குத்தான் படிக்கிறேன்" என்றார். பில் போடச் சொல்லிவிட்டார். அந்த நிமிடத்தில் அத்தானைக் கட்டிப்பிடிக்கலாம் என்று தோன்றியது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

மீதிப் பதின்மூவாயிரத்துக்கு அக்கா திரைக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கும் துணிச் சுருளும் நூலும் ஊசியும் எடுத்தாள். விசிறிகளைத் திருப்பி வைத்தேன்.

கார்டு தேய்க்கும் கருவியைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பில் போடும் பெண் ஒவ்வொரு கார்டின் எண்ணையும், பூச்சுக்கு அடியில் உள்ள ரகசிய எண்ணையும் தட்ட வேண்டும். அத்தான் கார்டின் பூச்சைச் சுரண்டிச் சுரண்டிக் கொடுக்க, எண்ணும் மிச்சமும் சரிதானா என்று ஒத்துப்பார்க்க ஆள் வேண்டியிருந்தது. மடித்து வைத்திருந்த தாளை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். "நீ வாசிம்மா."

அக்கா அந்தத் தாளை அதுவரை பார்த்ததே இல்லை. கிஃப்ட் கார்டுகளின் முதல் வரியை, இடமிருந்து வலமாக, அப்படியே வாசித்தாள். "ஒண்ணு. கடைசி நாலு நம்பர் எட்டு ஏழு ஒண்ணு ரெண்டு. ஐயாயிரம். கட்டணம் நூறு." கடைசிக் கட்டத்துக்கு 'எங்கிருந்து' என்று தலைப்பு. செலவழித்த பணம் எதிலிருந்து வந்தது என்று குறிக்கும் கட்டம். இதற்கு மேலே இருந்த பழைய செலவுகளுக்கெல்லாம் 'சம்பளம்' என்று இருந்தது. இந்தப் பதினைந்து வரியில் வேறு. அக்கா வாசித்தாள்: "எங்கிருந்து. சும்மா கிடந்தது."

பில் போடும் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு எண்ணைத் தட்டினாள்.

"ரெண்டு. நாலு நாலு பூஜ்ஜியம் ஒம்பது. ஐயாயிரம். கட்டணம் நூறு. சும்மா கிடந்தது."

"நம்பர் மட்டும் போதும்மா" என்றார் அத்தான் மெதுவாக.

"மூணு" என்றாள் அக்கா. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நாலு, ஐந்து, ஆறு. ஒவ்வொன்றின் கடைசியிலும் அதே இரண்டு வார்த்தை. ஏழாவதற்கு அத்தான் சுரண்டுவதை நிறுத்திவிட்டு, கார்டை வெறுமே பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாங்கிச் சுரண்டினேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள்கூட எட்டிப்பார்த்தார்கள். பதினைந்தையும் அவள் முழுசாக வாசித்தாள். பிறகு தாளை மடித்து அவர் சட்டைப்பையிலேயே வைத்தாள்.

மெஷின் வீட்டுக்கு வந்தது. சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட அக்கா பிரிக்கவில்லை. ஞாயிறு பிற்பகல் நான் போனபோதும் முன்னறை நடுவில் அப்படியே நின்றது. அக்கா பழைய மெஷினில், உடைந்த ஊசியை மாற்றிக்கொண்டு, தடித்த துணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக வீட்டில் தேவைக்கு மேல் பேச்சில்லை என்று அத்தானின் முகமே சொன்னது. இந்தக் கல்யாணம் ஒரு தாளில் சிக்கி இப்படி நிற்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அத்தான் செல்போனோடு அவள் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னொண்ணும் சொல்லணும். பேங்க்லருந்து மெசேஜ் வந்திருக்கு. பாயின்ட் வராது. கிஃப்ட் கார்டு வாங்கினதைச் செலவுல சேர்க்க மாட்டாங்களாம். நாலாம் பக்கத்துல போட்டிருக்கான். நான் ரெண்டு பக்கம்தான் படிச்சேன்."

கடைக்காரனுடைய பொடி எழுத்தை மனப்பாடம் செய்த மனிதர்! என் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

"எந்தப் பாயின்ட்?" என்றாள் அக்கா.

"ரெண்டு ஃப்ளைட் டிக்கெட் வரும். உனக்கும் எனக்கும். நீ ஏறினதே இல்லையே."

"எங்க போறதுக்கு?"

"முடிவு பண்ணல. உன்னைக் கேக்கலாம்னு இருந்தேன்."

"அதை மட்டும் கேக்கலாம்னு இருந்தீங்க."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார். "தப்பு என்னுதுதான். வேற என்ன எழுதணும், சொல்லு. உன் பணம்னு மாத்திடறேன்."

"பேனாவைக் குடுங்க."

அக்கா முதல் வரியில் அந்த இரண்டு வார்த்தையை அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: 'லாட்ஜ் ஜன்னல் இருபத்தாறு. அளவு தப்பாச் சொல்லி மூணு தடவை பிரிச்சுத் தைச்சது.' அடுத்ததில்: 'கண் ஆஸ்பத்திரித் திரை. பச்சை.' அடுத்து: 'பள்ளிக்கூட மேடைத் திரை. ஒன்பது ஊசி.' யோசிக்கக்கூட இல்லை. அத்தனையும் அவள் கையில் இருந்தது. ஆறாவதில் எழுதியதை எட்டிப்பார்த்தேன்: 'தம்பி கடைத் திரை. பாதிக் காசுதான் குடுத்தான்.' கொடுக்கவில்லைதான். அக்காதானே, வீட்டில் சும்மா இருக்கும்போது தைத்ததுதானே என்று விட்டுவிட்டேன். அத்தானை முறைக்க எனக்கு என்ன யோக்கியதை என்று அப்போது உறைத்தது.

பதினைந்தாவதில் பேனா நின்றது. "இது எதுன்னு ஞாபகம் வரல."

"எனக்குத் தெரியும்" என்றார் அத்தான்.

நிமிர்ந்து பார்த்தோம். "என் கை கட்டுல இருந்த மூணு மாசம்." நாலு வருடம் முன்பு ஒரு லிஃப்ட் கதவில் அவர் மணிக்கட்டு மாட்டிக்கொண்டது. மூன்று மாதம் சம்பளம் இல்லை. சேமிப்பைக் கரைத்துத்தான் சாப்பிடுகிறார்கள் என்று நாங்களெல்லாம் நினைத்தோம். "அந்த மூணு மாசமும் நீ பேங்க்ல பணம் போட்டே. ரெண்டாயிரம், ஆயிரத்து ஐந்நூறு, ஆயிரத்து ஐந்நூறு. பாஸ்புக்குல பார்த்தேன். பார்த்தவன்தான் அப்படி எழுதினேன்." விரலை அந்த வரியில் வைத்தார். "நீ என்ன தைச்சேன்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கல."

"தலையணை உறை" என்றாள் அக்கா. "அப்ப யாரும் திரை குடுக்கல. உறை ஒண்ணுக்கு ரெண்டு."

எதைக் கேட்டாலும் கணக்குப் போட்டுவிடும் மனிதர் அவர். உதடு தன்னால் அசைந்தது. "ஒண்ணுக்கு ரெண்டுன்னா... ரெண்டாயிரத்து ஐந்நூறு உறை."

"சேர்த்து வச்சதுக்கு அவ்வளவு. சாப்பாட்டுக்கும் உங்க மருந்துக்கும் தைச்சது தனி."

அக்கா பேனாவை அவர் பக்கம் நீட்டினாள். "இதை நீங்களே எழுதுங்க."

அந்த மணிக்கட்டு இன்றும் முழுசாக மடங்காது. எழுத்து மெதுவாகத்தான் வரும். கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுதினார். அவர் முடிக்கும்வரை அக்கா பக்கத்திலேயே நின்றிருந்தாள். அப்புறம் எங்கள் இருவரையும் பார்த்து, "அந்த மெஷினை ஜன்னல் பக்கம் தள்ளணும். ஆளுக்கொரு கை பிடிங்க" என்றாள்.